தனி டம்ளரும் மூடிய சன்னலும்

கேள்வி: என் தங்கைக்கு 25 வயது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். நாங்கள் இருப்பது திருமங்கலத்தை ஒட்டிய கிராமம். இரண்டரை மாதமாக அவளுக்கு இருமல். முதலில் மெடிக்கலில் டானிக் வாங்கிக் குடித்தாள். அப்புறம் ஒரு தனியார் மருத்துவர் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். குறைந்தது, பத்து நாளில் திரும்பி வந்துவிட்டது. சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கிறது. 44 கிலோ இருந்தவள் 38 கிலோவுக்கு வந்துவிட்டாள். லேபில் ரத்தம் எடுத்து டி.பி. பாசிட்டிவ் என்றார்கள். எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே நிழல் தெரிகிறது, அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்யுங்கள் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அம்மா விட மறுக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், தோப்பூர் டி.பி. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்கிறார். தை மாதம் கல்யாணம் பேசி, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. தங்கைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறோம். குளிர்காற்று ஆகாது என்று அறைச் சன்னலை மூடியே வைத்திருக்கிறோம். என் மூன்று வயது மகள் அத்தையோடுதான் தூங்குவாள். இப்போது பிரித்துவிட்டோம், அழுகிறாள். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. யாருக்கும் தெரியாமல் தனியாரிலேயே பார்த்துவிட முடியுமா? கல்யாணத்தை நடத்தலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திருமங்கலம் வட்டம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை மருத்துவனாகப் படித்தேன். இரண்டாம் தடவை, இதில் ஏதோ குறைகிறதே என்று தேடிப் படித்தேன். அம்மா சொன்னது இருக்கிறது, லேபில் சொன்னது இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டைப் பற்றிய கவலை இருக்கிறது. இருமிக்கொண்டிருக்கிற தங்கச்சி என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. அதைக் கடைசியில் பேசுவோம். முதலில் சளி.

தங்கைக்குக் காசநோய் இருக்க வாய்ப்பு நிறையவே இருக்கிறது. இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், ஆறு கிலோ எடை இறக்கம், நுரையீரலின் மேல்பக்கத்தில் நிழல். இவ்வளவும் சேர்ந்து வந்தால் நான் வேறு எதையும் யோசிப்பதற்கு முன்பே சளிக் குப்பியை எடுத்து நீட்டிவிடுவேன். ஆனாலும் இன்னும் உறுதியாகவில்லை. நீங்கள் காசு கொடுத்து எடுத்த ரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்யாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்து டி.பி. என்று சொல்கிற சோதனைகள் தப்புத் தப்பாகக் காட்டுகின்றன என்பதால் 2012-லேயே மத்திய அரசு அவற்றைத் தடை செய்துவிட்டது. நீங்கள் எடுத்தது ‘டி.பி. கோல்டு’ வகை என்றால், அது தடை செய்யப்பட்டதல்ல. ஆனால் கிருமி எப்போதோ உடம்புக்குள் நுழைந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். நம் நாட்டில் உடம்புக்குள் கிருமி இருந்தும் வாழ்நாள் முழுக்க நோயே வராதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தத் தாளை மடித்து எக்ஸ்ரே உறைக்குள் போட்டுவிடுங்கள். எக்ஸ்ரேயை மட்டும் கையில் எடுத்துப் போங்கள்.

அந்த ஐந்து நாள் மாத்திரை எது என்று நீங்கள் எழுதவில்லை. லெவோஃப்ளாக்சசின் வகையாக இருந்தால், அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அமுக்கும். அதனால்தான் ‘குறைந்து, திரும்பி வரும்’. இப்படிக் குறைந்து குறைந்து ஏறிய இருமலோடு நாலைந்து மாதம் தாமதமாக வந்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சீட்டையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

சளி கொடுப்பது சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் அரசுப் பணியில் இருந்தபோது ஒரு பாட்டி மூன்று நாள் தொடர்ந்து குப்பி நிறையக் கொண்டுவந்தார். மூன்று நாளும் நுரை பொங்கும் எச்சில். கேட்டால், “பல்லு வெளக்கிட்டு நல்லாக் காறித் துப்புனேன் சாமி” என்றார். எச்சிலில் கிருமி தேடினால் கிடைக்காது. ‘நோய் இல்லை’ என்று தப்பான ரிசல்ட் வரும். தங்கையிடம் இப்படிச் சொல்லுங்கள்: காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கட்டும். மொட்டை மாடிக்கோ கொல்லைக்கோ போகட்டும். எதிரே யாரும் நிற்க வேண்டாம். ஆழமாக மூச்சை இழுத்து, ஒரு கணம் பிடித்து, மெதுவாக விடட்டும். இப்படி இரண்டு மூன்று தடவை. அடுத்த மூச்சில் அடிநெஞ்சிலிருந்து இருமினால் கெட்டியாக, கொஞ்சம் மஞ்சளாக வரும். அதுதான் சளி. அரைத் தேக்கரண்டி அளவுக்குக் குறையாமல் இருந்தால் போதும். குப்பியின் வெளிப்பக்கத்தில் படாமல் துப்பி, மூடியை இறுக்கித் திருகி, அன்று காலையிலேயே கொடுத்துவிட வேண்டும். பொதுவாக இரண்டு குப்பி கேட்பார்கள்: ஒன்று போன அன்று அங்கேயே, இன்னொன்று மறுநாள் காலைச் சளி. சளியே வரவில்லை என்றால் உப்புநீரை ஆவியாகப் பிடிக்க வைத்து வரவழைப்பார்கள்.

அந்தச் சளியை இப்போது மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்துவிட்டு விடுவதில்லை. சிபிநாட், ட்ரூநாட் என்று இரண்டு கருவிகள் இருக்கின்றன. ட்ரூநாட் நம் நாட்டிலேயே உருவானது. கிருமியின் மரபணுவையே இவை தேடுகின்றன. இரண்டு மணி நேர வேலைதான். கிருமி இருக்கிறதா என்பதோடு, முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். தனியார் லேபில் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அரசில் ஒரு பைசா கிடையாது. நீங்கள் போகிற இடத்தில் கருவி இல்லாவிட்டால் சளியை அவர்களே அனுப்பி வைப்பார்கள், தங்கை அலைய வேண்டியதில்லை. கூடவே சர்க்கரைக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் எடுப்பார்கள். அதைக் கேட்டு அம்மா பதற வேண்டாம். காசநோய் என்று வருகிற எல்லாருக்கும், கோயில் குருக்களானாலும் கலெக்டரானாலும், எடுப்பதுதான்.

சரி, ‘யாருக்கும் தெரியாமல் தனியாரில்’ என்ற விஷயத்துக்கு வருவோம். தனியாரில் பார்ப்பது குற்றமில்லை. நல்ல மருத்துவர்கள் மதுரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற ரகசியம் அங்கே கிடைக்காது. 2012 மே மாதத்திலிருந்து காசநோயாளி யார் வந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தனியார் மருத்துவமனைக்கும் லேபுக்கும் சேர்த்துத்தான். 2014 முதல் இந்த மாத்திரைகளை மெடிக்கலில் வாங்கினாலும் நோயாளியின் பெயரைத் தனி நோட்டில் எழுதியாக வேண்டும். ஆக, பதிவு எப்படியும் உண்டு. அந்தப் பதிவுக்குப் பெயர் நிக்ஷய். அதில் ஏறுகிற பெயரை ஊருக்குள் யாரும் தட்டிப் பார்க்க முடியாது.

அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. கிராமத்தில் சுகாதார நிலைய வாசலில் பத்து நிமிடம் நின்றாலே ‘என்ன விசேஷம்’ என்று கேட்கிற ஆட்கள் நாம். அதற்கு வழி இருக்கிறது. உங்கள் ஊர் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. திருமங்கலம் அரசு மருத்துவமனைக்குப் போகலாம், பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போகலாம். தங்கை தினமும் மதுரைக்கு பஸ் ஏறி வருகிறவள். கடைக்குப் பக்கத்தில் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஏதாவது ஒன்றில் பதிந்து, மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். நிக்ஷய் எண் ஒன்றுதான். தமிழ்நாட்டுக்குள் மட்டுமில்லை, இந்தியாவுக்குள் எங்கே மாறினாலும் அந்த எண்ணோடு சிகிச்சையும் மாறும். வீட்டில் மற்றவர்களைப் பரிசோதிக்க ஒருமுறையாவது வருவார்கள். முன்கூட்டியே போன் பண்ணிவிட்டு வரச் சொல்லுங்கள். அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்காக ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வருகிற வீடுதானே, இன்னொருவர் வந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள். ஊழியர் யாராவது வெளியே வாய் திறந்தால், மதுரையில் காசநோய்க்கென்றே துணை இயக்குநர் இருக்கிறார், அவரிடம் எழுதிக் கொடுங்கள். 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம், சந்தேகமும் கேட்கலாம்.

தோப்பூர். அந்தப் பெயரைச் சொன்னாலே ஒரு தலைமுறைக்கு முகம் மாறும். ஆஸ்டின்பட்டியில் இருக்கிற அந்த நெஞ்சக மருத்துவமனை, ஊருக்கு வெளியே, காற்றோட்டமாக, மாதக்கணக்கில் படுக்க வைக்க வேண்டும் என்று எல்லாரும் நம்பிய காலத்து மருத்துவ யோசனை. அந்த யோசனையை உடைத்தது வேறெங்குமில்லை, நம் சென்னையில்தான். 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் (மதுரையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு), ஒரு காரியம் செய்தது. நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்தில், அதாவது தோப்பூர் மாதிரித் தங்கவைத்துப் பார்க்கிற மருத்துவமனையில், படுக்கவைத்து நல்ல சாப்பாடு போட்டார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீடுகள் என்ன வீடுகள்? நெருக்கடியான ஒற்றை அறைகள், அரைவயிற்றுச் சாப்பாடு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் குணமானவர்கள் கிட்டத்தட்ட சமம். அதைவிட முக்கியம், வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாக வரவில்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானதும் உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியது. மருந்து உள்ளே போக ஆரம்பித்தால் பரவல் மளமளவென்று குறையும் என்பதுதான் காரணம்.

இதையெல்லாம் படித்துத் தேர்வு எழுதியவன்தான் நான். ஆனாலும் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது ஒரு பெண்ணின் மாமியாரிடம், “எதுக்கும் தட்டு, டம்ளரைத் தனியா வச்சிருங்கம்மா” என்று சொல்லித் தொலைத்தேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை; என் பாட்டி வீட்டில் கேட்ட வார்த்தையாக இருக்கும். ஆறு மாதம் கழித்து குணமாகிவிட்டது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது அந்தப் பெண் கேட்டாள்: “இப்பவாவது எல்லாரோட தட்டுல சாப்பிடலாமா டாக்டர்?” மருந்துச் சீட்டில் எழுதாத ஒரு வாயுரையை ஆறு மாதம் அந்த வீடு கடைப்பிடித்திருக்கிறது.

காசநோய் தட்டில் ஒட்டாது, டம்ளரில் ஒட்டாது, துணியில், படுக்கையில் ஒட்டிப் பரவாது. வழக்கம்போல் கழுவினால் போதும். அது காற்றில் பரவுகிறது. இருமும்போதும் தும்மும்போதும் பறக்கிற நுண்துளிகள் மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். வெளிக்காற்று வந்தால் கலைந்துவிடும், வெயில் பட்டால் செத்துவிடும். நீங்கள் டம்ளரைப் பிரித்துவிட்டுச் சன்னலை மூடி வைத்திருக்கிறீர்கள்! இன்றைக்கே திருப்பிப் போடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்தால் எதிர்ச் சன்னலையும். குளிர்காற்றால் காசநோய் வராது, வந்தது அதிகமாகவும் ஆகாது. பகலில் திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ தங்கை உட்காரட்டும். இருமும்போது கைக்குட்டையாலோ முந்தானையாலோ வாயை மூடட்டும், அறைக்குள் பிறரோடு இருக்கும்போது மாஸ்க் போடட்டும். குழந்தையை இரவில் தனியாகப் படுக்க வைத்தது சரி. கிருமி மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை என்றால், மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் போனால் பரவுவது பெரும்பாலும் அடங்கிவிடும். மருத்துவர் சொன்ன பிறகு அத்தையிடம் விட்டுவிடலாம். அதுவரை வாசலில் உட்கார்ந்து கதை பேசட்டும், என்ன.

குழந்தை விஷயத்தில் பிரித்துப் படுக்க வைப்பதைவிட முக்கியமான வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டரை மாதம் அவள் அத்தையோடுதான் தூங்கியிருக்கிறாள். பிறந்தபோது இடது தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசி, மூளையைத் தாக்குகிற மோசமான வகைகளிலிருந்து குழந்தையைப் பெருமளவு காக்கும். நோயே வராது என்று அர்த்தமில்லை. ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குக் கிருமி சீக்கிரம் நோயாக மாறும். தங்கைக்கு உறுதியானதும் குழந்தையை அழைத்துப் போய், எடை ஏறுகிறதா, இருமல் காய்ச்சல் உண்டா என்று பார்த்து, தேவையானால் எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று தெரிந்தால் வருமுன் காக்கும் மருந்து கொடுப்பார்கள். தினமும் ஒன்று வீதம் ஆறு மாதம், அல்லது வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம். எது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். ‘நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு மாத்திரை’ என்று வீட்டில் ஒரு குரல் எழும். எழாவிட்டால்தான் ஆச்சரியம். அந்தக் குரலுக்கு இடம் கொடுக்காதீர்கள். அப்பாவுக்கு லேசான இருமல் இருந்தாலும் சளி கொடுக்கட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வர வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நீங்கள், உங்கள் மனைவி, அம்மா எல்லாரும்தான் போக வேண்டும்.

இனி மாத்திரை. சாதாரண வகை என்றால் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. எல்லாம் ஒரே மாத்திரைக்குள் சேர்த்து வரும். எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. 38 கிலோவுக்கு தினமும் மூன்று. எடை ஏறினால் எண்ணிக்கை மாறலாம், அதனால் மாதாமாதம் எடை பார்ப்பார்கள். மூன்றையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டும், காலைக்கொன்று மாலைக்கொன்று என்று பிரிக்கக் கூடாது. முதல் நாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரத்தம் என்று பயந்து ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடிவந்தவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிசினின் நிறம், அவ்வளவுதான். வயிற்றைப் பிரட்டினால் லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கலாம், உள்ளங்கால் எரியலாம்; எரிச்சலுக்கு பி6 வைட்டமின் தருவார்கள். இவற்றுக்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, பார்வை மங்கி சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவர் முன்னால் நிற்க வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயமானது மூன்றாவது மாதம். முதல் மாதத்தில் காய்ச்சல் விடும், பசி எடுக்கும். இரண்டாம் மாதத்தில் இருமல் போய், கன்னம் கொஞ்சம் உப்பும். மூன்றாவது மாதம் ‘நான்தான் நல்லா ஆயிட்டேனே’ என்று தோன்றும். வேகமாகப் பெருகுகிற கிருமிகள் முதல் வாரங்களிலேயே செத்துவிடுகின்றன. உடம்பு தேறுவது அதனால். மிச்சமிருப்பவை சோம்பேறிகள், தூங்கிக்கொண்டிருப்பவை. அவை விழிக்க விழிக்கத்தான் மருந்து கொல்லும். மீதி நான்கு மாதம் அதற்குத்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போன ஒரு கொத்தனார், மூன்றாம் மாதத்தில் மாத்திரையை விட்டுவிட்டு, எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். சட்டைப் பையில் பழைய மாத்திரை அட்டை அப்படியே இருந்தது; பாதி பிரித்து, பாதி பிரிக்காமல். அந்தப் பாதியைப் போட்டு முடித்திருந்தால் அவர் என்னைப் பார்க்கவே வந்திருக்க மாட்டார். அவருடைய நிக்ஷய் எண்ணைக் கோவைக்கே மாற்றிக் கொடுத்திருக்கலாம், அவர் கேட்கவில்லை, நாங்களும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

38 கிலோ என்பதால் இன்னொன்று. 2022-ல் தமிழ்நாடு அரசு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பதிந்த உடனே உயரத்துக்கு எடை எவ்வளவு, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். மோசமாக இருந்தால் சில நாள் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்படி யாராவது ‘அட்மிட்’ என்று சொன்னால் அதைத்தான் அம்மா பயப்படுகிற ‘போட்டுவிடுவது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் சில வாரங்களில் உயிரைப் பிடித்து நிறுத்துவதற்கான ஏற்பாடு அது.

சாப்பாட்டில் பத்தியம் கிடையாது. தயிர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். முட்டை, பருப்பு, நிலக்கடலை, மீன், கேழ்வரகு, பால் என்று வீட்டில் இருப்பதையே இன்னும் ஒரு கை கூட்டிப் போடுங்கள். அரசு மாதம் 1,000 ரூபாய் சாப்பாட்டுக்கென்று வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 நவம்பருக்கு முன்பு 500-ஆக இருந்தது. பதியும்போதே தங்கையின் பெயரில் உள்ள பாஸ்புக்கைக் கொண்டுபோய்விடுங்கள், இல்லாவிட்டால் பணம் வராமல் அதற்கு ஒரு அலைச்சல். அந்தப் பணம் மண்டப அட்வான்ஸுக்குப் போகாமல் முட்டைக்குப் போகட்டும். வீட்டில் மற்றவர்களும் நன்றாகச் சாப்பிடட்டும். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் உணவுப் பொட்டலம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. சாப்பாடு கூடிய வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது.

கடைக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். ஏ.சி. போட்டு அடைத்த கடை, பக்கத்தில் பக்கத்தில் நின்று புடவை விரிக்கிற வேலை. மருந்து தொடங்கி இரண்டு வாரமாவது போகட்டும், உடம்பும் நிற்கிற அளவுக்குத் தேறட்டும். மருத்துவர் சரி என்றதும் போகலாம். முதலாளியிடம் நுரையீரலில் தொற்று, மருத்துவர் ஓய்வு சொல்லியிருக்கிறார் என்றால் அது பொய்யாகாது. கூட வேலை பார்க்கிற பெண் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால் அவளையும் சளி கொடுக்கச் சொல்ல வேண்டியது தங்கையின் பொறுப்பு. எப்படிச் சொல்வது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கல்யாணம். காசநோய் வந்தவள் கல்யாணம் செய்யக் கூடாது என்றோ, பிள்ளை பெற முடியாது என்றோ, பரம்பரைக்கு வரும் என்றோ எதுவும் இல்லை. நுரையீரலில் வந்து முழுதாகக் குணமானவர்கள் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கிறார்கள். ஆனாலும் தையைத் தள்ளிப் போடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஐப்பசியில் மாத்திரை தொடங்கினால் தையில் நடப்பது மூன்றாவது நான்காவது மாதம். நான் பயப்படுகிறேன் என்று சொன்னேனே, அந்த மாதம். புது வீடு, புது மனிதர்கள், மறைத்து வைத்த மாத்திரை அட்டை. மாமியார் பார்த்துவிடுவாரோ என்று ஒரு நாள் விடுவாள், மறுவீடு போகிற அன்று இன்னொரு நாள். கர்ப்பம் தள்ளிப்போட மாத்திரை எடுத்தால் ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுத்துவிடும். அதுவும் தெரியாமல் இருக்கும். ஆறு மாதக் கணக்கு சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் முடியும். வைகாசியில் முகூர்த்தத்துக்கா பஞ்சம்? மண்டப அட்வான்ஸைத் தேதி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். போனாலும் போகட்டும்.

மாப்பிள்ளையிடம் சொல்வதா? சொல்வது நல்லது என்பது என் எண்ணம். சிகிச்சை தொடங்கி, காய்ச்சல் விட்டு, எடை இரண்டு கிலோ ஏறிய பிறகு சொன்னால் கேட்கிறவருக்கும் பயம் குறைவாக இருக்கும். அவருக்குச் சந்தேகம் இருந்தால் மையத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே இருப்பவர்கள் பேசுவார்கள். ஆனால் இதை நானும் நீங்களும் அம்மாவும் முடிவு செய்ய முடியாது. நோயும் அவளுடையது, கல்யாணமும் அவளுடையது. இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அவளைக் கூடத்தில் எல்லாரோடும் உட்கார வைத்து, எல்லாருக்கும் போடுகிற தட்டிலேயே போட்டு, நீ என்னம்மா நினைக்கிறாய் என்று கேளுங்கள். அவள் முதலில் அழலாம், காத்திருங்கள்.

திங்கட்கிழமை காலை கிளம்பும்போது எக்ஸ்ரே, பழைய சீட்டு, ஆதார், பாஸ்புக் நான்கும் பையில் இருக்கட்டும். குப்பி கொடுத்தால் பெயரை மூடியில் எழுத விடாதீர்கள். லேபில் பத்து மூடிகளை ஒன்றாகக் கழற்றி வைக்கும்போது மாறிப்போகும். குப்பியின் பக்கவாட்டில் எழுதச் சொல்லுங்கள்.